தாங்கள் கோரும் நபர்

வீடு, மனை விற்பதற்காக எழுதப்படும் கிரய உடன்படிக்கை ஒன்றை எடுத்து ஊன்றிப் படித்துப் பாருங்கள். நான்கெல்லை, அளவு, அச்சாரத் தொகை, கெடு எல்லாம் சொல்லி முடித்த பிறகு, கடைசிப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு வாசகம் இருக்கும். மீதிக் கிரயத்தைப் பெற்றுக்கொண்டு, "தங்கள் பெயருக்கோ அல்லது தாங்கள் கோரும் நபர் பெயருக்கோ" பத்திரம் எழுதிக் கொடுப்பதாக விற்பவர் ஒப்புக்கொள்ளும் வாசகம் அது. பத்திரம் எழுதுகிறவர்களின் பேனாவில் அது தானாகவே வந்து விழும். எழுதுகிறவரும் யோசிப்பதில்லை, கையெழுத்துப் போடுகிறவரும் யோசிப்பதில்லை. வாங்குகிறவர் தம் மனைவி பெயரில் வாங்குவார், அல்லது மகன் பெயரில் வாங்குவார், அதற்குத்தான் இந்த ஏற்பாடு என்று விற்பவர் நினைத்துக்கொள்கிறார். ஆதியில் அதற்காகவே அந்த வாசகம் பிறந்துமிருக்கலாம்.

ஆனால் அந்த மூன்று சொல்லுக்குள்ளே இன்றைக்கு ஒரு தொழிலே குடியிருக்கிறது. கையில் பெரிய முதல் இல்லாத ஒருவர் ஒரு சொத்தைப் பார்க்கிறார். உடையவருக்குப் பண நெருக்கடி. சொற்ப அச்சாரம் கொடுத்து, ஆறு மாதக் கெடு வைத்து, அக்ரிமெண்டு போட்டுக்கொள்கிறார். அந்த ஆறு மாதமும் அவர் தேடுவது பணத்தை அல்ல, அதிக விலை கொடுக்கக்கூடிய வேறொருவரை. ஆள் கிடைத்ததும் விற்பவரைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று, "இவர்தான் நான் கோரும் நபர்" என்று கைகாட்டி விடுகிறார். இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம் அவருடைய சட்டைப்பைக்குப் போகிறது. அமெரிக்காவில் இதற்கு 'ஹோல்சேல்' வியாபாரம் என்று பெயர். மொத்த வியாபாரம் என்ற பெயரே ஒரு வேடிக்கை. மூட்டையும் இல்லை, கிடங்கும் இல்லை. வாங்காத ஒன்றை, தன்னுடையது ஆகாத ஒன்றை, ஒருவர் இன்னொருவருக்குக் கைமாற்றி விடுகிறார்.

இது தப்பா, சரியா? நான் வக்கீல் அல்ல, கதை எழுதுகிறவன். ஆனால் ஒரு மனிதன் கொடுத்த வாக்கை இன்னொருவன் விற்கலாமா என்ற கேள்வி, வக்கீலுக்கு உள்ள அளவுக்குக் கதை எழுதுகிறவனுக்கும் உரியதே என்று நினைக்கிறேன்.

முதலில், கைமாறுகிற பொருள் எது என்று பார்ப்போம். நிலமா? இல்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் தன்னுடைய 54-ஆம் பிரிவில் இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது: விற்பதற்கான ஒப்பந்தம் அந்தச் சொத்தின்மேல் எந்தப் பாத்தியதையையும் தானாக உண்டாக்குவதில்லை. உடன்படிக்கையையும் பவர் பத்திரத்தையும் உயிலையும் சேர்த்து வைத்துக்கொண்டு சொத்து வாங்கிவிட்டதாக நினைப்பவர்களுக்கு, அது கிரயமே ஆகாது என்று 2011-ல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது. ஆகவே அக்ரிமெண்டு வைத்திருப்பவரிடம் நிலம் இல்லை. "உனக்கு எழுதிக் கொடுக்கிறேன்" என்று ஒரு மனுஷர் கொடுத்த சொல் மட்டுமே இருக்கிறது. அந்தச் சொல்லைத்தான் அவர் விற்கிறார்.

விற்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஒப்பந்தத்தில் தடை இல்லாவிட்டால், அந்த ஒப்பந்தம் குறிப்பிட்ட ஆளை நம்பியே ஏற்பட்டதாக இல்லாவிட்டால், அதனால் வரும் உரிமையைக் கைமாற்றலாம். ஆனால் கடமையை எதிராளியின் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாது என்று 1962-ல், சணல் வியாபார வழக்கு ஒன்றில், உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. உரிமை நடந்து போகும், கடமை போகாது என்பது யோசித்துப் பார்க்க வேண்டிய வித்தியாசம். அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த விஷயத்தில் புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு தனி அனுபவம் உண்டு. 'கொடுத்த சொல்லின் மதிப்பு என்ன?' என்ற கேள்விக்கு இரண்டு வேறு வேறு பதில்களின் கீழ் வாழ்ந்த ஊர் இது. 1819-ல் பிரெஞ்சு சிவில் சட்டத் தொகுப்பு இங்கே அமலுக்கு வந்தது. அதன் 1589-ஆம் ஷரத்து, நம்முடைய 54-ஆம் பிரிவுக்கு நேர் எதிரானது. இன்ன பொருள், இன்ன விலை என்று இரு தரப்பும் மனம் ஒப்பிவிட்டால், விற்கிறேன் என்ற வாக்கே விற்பனைக்குச் சமம் என்கிறது அது. அடுத்த ஷரத்து அச்சாரத்தைப் பற்றியது. அச்சாரம் கொடுத்து ஏற்பட்ட வாக்கிலிருந்து யார் வேண்டுமானாலும் விலகலாம். கொடுத்தவன் விலகினால் அச்சாரம் போயிற்று; வாங்கியவன் விலகினால் இரட்டிப்பாகத் திருப்ப வேண்டும். நம் ஊர்ச் சந்தையில் மாடு வாங்குகிறவனுக்கும் இந்த நியாயம் புரியும்.

1954 நவம்பர் 1-ல் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியான இணைப்பும் முடிந்தது. பாராளுமன்றம் 1968-ல் இயற்றிய விரிவாக்கச் சட்டம், சொத்து மாற்றுச் சட்டத்தை இங்கே கொண்டுவந்தது. வாக்கு விற்பனையாக இருந்த ஊரில், வாக்கு வெறும் வாக்காயிற்று. கொடியும் நாணயமும் மாறியதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இந்த மாற்றத்தைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

பிரெஞ்சுத் தொகுப்பில் இன்னொரு ஷரத்தும் உண்டு. 1674 என்று எண். வீடோ நிலமோ விற்றவன், அதன் பெறுமானத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் ஏழு பங்குக்கும் மேலே நஷ்டப்பட்டிருந்தால், அந்த விற்பனையை ரத்துச் செய்யக் கோரலாம். 'அந்த உரிமை எனக்கு வேண்டாம்' என்று பத்திரத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தாலும் கோரலாம். இரண்டு வருஷத்துக்குள் கோர வேண்டும், அவ்வளவுதான். வாங்கினவனுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஏன் கிடையாது என்பதில்தான் அந்தச் சட்டத்தின் மனசு இருக்கிறது. தலைபோகிற அவசரத்தில் ஒருவன் தன் வீட்டை விற்பான். தலைபோகிற அவசரத்தில் யாரும் வீடு வாங்குவதில்லை. ரோமானியர்கள் காலத்திலிருந்தே வந்த எண்ணம் இது. அவர்கள் பாதி விலைக்குக் குறைந்தால் என்று கோடு போட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஐந்து பங்குக்குக் குறைந்தால் என்று கோடு போட்டார்கள்.

இந்தியாவின் 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் இதற்கு வேறு உதாரணம் வைத்திருக்கிறது. ஆயிரம் ரூபாய் பெறுமான குதிரையை ஒருவன் பத்து ரூபாய்க்கு விற்க ஒப்புக்கொள்கிறான். தன் இஷ்டப்படிதான் ஒப்புக்கொண்டான் என்றால் அது செல்லும். இஷ்டப்படி ஒப்புக்கொள்ளவில்லை என்று அவன் சொன்னால், விலையின் அற்பத்தனத்தையும் கோர்ட் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஒரு சட்டம் விலையைப் பார்க்கிறது. மற்றது மனத்தைப் பார்க்கிறது. எது உயர்ந்தது என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முத்தியால்பேட்டையில் ஒரு கிழவி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நாட்டு ஓடு, திண்ணை, முற்றம் உள்ள பழைய வீடு. இன்றைய மதிப்பு 60 லட்சம். அவளுக்கு அது தெரியாது. ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் வேண்டும். ஒருவர் வந்து 35 லட்சத்துக்குப் பேசி, 1 லட்சம் அச்சாரம் கொடுத்து, ஆறு மாதக் கெடுவில் உடன்படிக்கை எழுதிக்கொள்கிறார். நாலாவது மாதம் 55 லட்சத்துக்கு ஓர் ஆளைக் கொண்டுவருகிறார். கிழவிக்குப் பேசின 35 லட்சமும் குறைவில்லாமல் வந்து சேர்கிறது. நடுவில் நின்றவருக்கு 20 லட்சம்.

1674-ஆம் ஷரத்து இன்றும் இங்கே இருந்தால் அந்தக் கிழவியைக் காப்பாற்றுமா? காப்பாற்றாது. 60 லட்சத்தில் ஒரு பங்கு 5 லட்சம். ஐந்து பங்கான 25 லட்சத்துக்குக் கீழே போனால்தான் அந்தச் சட்டம் கண் திறக்கும். இவளுக்குத்தான் ஏழு பங்கு கிடைத்துவிட்டதே! இந்தியச் சட்டமும் காப்பாற்றாது. அவள் இஷ்டப்பட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். இரண்டு சட்டத்துக்கும் நடுவிலுள்ள சந்தில் இந்த 20 லட்சம் சத்தமில்லாமல் நடந்து போய்விடுகிறது. ஆகவே கணக்கை வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்குப் பதில் காண முடியாது.

நடுவில் நின்றவர் தம் கட்சியைச் சொல்லட்டும். "நான் என்ன திருடினேனா? அந்த வீட்டுக்கு மூலப்பத்திரம் இல்லை. பட்டா செத்துப்போன மாமனார் பெயரில் இருந்தது. பாகஸ்தர்கள் ஆறு பேரில் இரண்டு பேர் பாரிஸில். அவர்களுக்குக் கடிதம் எழுதி, பவர் வாங்கி, வில்லங்கம் பார்த்து, வாரிசுச் சான்று எடுத்து, விற்க முடியாத வீட்டை விற்கிற வீடாக ஆக்கினது யார்? என் உழைப்புக்குக் கூலி இல்லையா? எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது என்றால் அது என் குற்றமா? முதல் இல்லாதவன் முன்னுக்கு வர இது ஒரு வழி. பணக்காரன் வாங்கி வைத்து விற்றால் முதலீடு. நான் வாங்காமல் விற்றால் மோசடியா?"

இந்தக் கட்சியை அலட்சியமாகத் தள்ள முடியாது. புதுச்சேரியில் பங்காளிகள் சமுத்திரத்துக்கு அப்பால் சிதறிக் கிடக்கும் வீடுகள் எத்தனையோ. அவற்றைக் கட்டி இழுத்து ஒரு பத்திரத்துக்குள் கொண்டுவருவது லேசான வேலை அல்ல. அன்றியும் இந்த ஊரே இடையாளர்களால் வளர்ந்த ஊர். துய்ப்ளெக்ஸ் காலத்தில் ஆனந்தரங்கப் பிள்ளை வகித்த பதவிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த பெயரே தரகர் என்று பொருள்படுவதுதான். கம்பெனிக்கும் துணி வியாபாரிகளுக்கும் நடுவில் நின்று, விலை பேசி, முன்பணம் பேசி, பேல் கணக்கு முடித்தவர்கள் அவர்கள். பிள்ளையவர்கள் லாபம் சம்பாதிக்கவில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவர் பெயரில் இன்றும் ஒரு வீதி இருக்கிறது. இடையில் நிற்பது இழிவு என்று இந்த ஊரில் யாரும் பேச முடியாது.

ஆனால் ஒரு வித்தியாசம். ரங்கப் பிள்ளை துபாஷி என்பது துய்ப்ளெக்ஸுக்கும் தெரியும், வியாபாரிகளுக்கும் தெரியும். அவர் நடுவில் நிற்கிறார் என்பதும், நிற்பதில் அவருக்கு ஆதாயம் உண்டு என்பதும் இரு தரப்பும் அறிந்த சங்கதி. நம் முத்தியால்பேட்டைக் கிழவியோ தனக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் தரகர் என்று நினைக்கவில்லை. தன் வீட்டை வாங்கப் போகிறவர் என்று நினைத்தாள். தரகர் என்று தெரிந்திருந்தால் பேச்சே வேறு தினுசாக இருந்திருக்கும். "நல்ல விலைக்கு முடித்துக் கொடு அப்பா, நூற்றுக்கு இரண்டு தருகிறேன்" என்றிருப்பாள். தரகர் அவளுக்காக விலையை ஏற்றப் பார்க்கிறவர். வாங்குகிறவர் தமக்காக விலையை இறக்கப் பார்க்கிறவர். இரண்டும் நியாயமான வேஷங்களே. வாங்குகிறவராக உட்கார்ந்து விலையை இறக்கி, அந்தப் பக்கம் போய் விற்கிறவராக நின்று விலையை ஏற்றினால், இரண்டு வேஷத்தின் லாபமும் ஒருவருக்கே சேர்கிறது. இரண்டில் எந்த வேஷத்துக்கும் உரிய கடமை மட்டும் அவரிடம் சேருவதில்லை.

ஆறு மாதமும் துணிச்சல் யாருடையது என்றும் பார்க்க வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் அவருக்கு நஷ்டம் 1 லட்சம். சில சமயம் அதுகூட இல்லை. அழுது வாங்கிப் போய்விடுவார். கிழவிக்கோ ஆறு மாதம் போயிற்று. நடுவில் வேறு யார் நல்ல விலைக்கு வந்தாலும் அவள் வாய் திறக்க முடியாது. மீறி வேறொருவருக்கு எழுதிக் கொடுக்க முனைந்தால், அக்ரிமெண்டு வைத்திருப்பவர் அதை நிறைவேற்றித் தரும்படி வழக்குப் போடலாம். 2018-ல் குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தைத் திருத்தியபோது, அப்படி நிறைவேற்றச் சொல்வதில் நீதிபதிக்கு முன்பிருந்த விருப்புரிமையையும் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். வழக்கு என்று வந்துவிட்டால் அந்த வீடு வருஷக் கணக்கில் விலைபோகாது. அவள் கட்டுண்டு கிடக்கிறாள். அவர் கழுத்தில் கட்டு ஒன்றும் இல்லை. உரிமை நடந்து போகும், கடமை போகாது என்றேன் அல்லவா? இங்கே எல்லாக் கடமையும் ஒரு பக்கமாகவே தங்கிவிட்டது.

தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது குற்றமா என்ற வாதம் புதியது அல்ல. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் ரோமாபுரியில் சிஸரோ, 'கடமைகள்' பற்றி எழுதிய நூலில் இதை அலசியிருக்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். ஒரு வியாபாரி கப்பல் நிறையத் தானியத்தோடு அங்கே வந்து சேருகிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பது அவனுக்கு மட்டும் தெரியும். அதைச் சொல்லிவிட்டு விற்பதா, சொல்லாமல் விற்பதா? டயோஜினஸ் என்ற தத்துவாசிரியர், சரக்கின் குறையைச் சொல்ல வேண்டும், சந்தையின் நிலவரத்தையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை என்றார். அவருடைய சீடரான ஆன்டிபாடர், எதையும் மறைக்கக் கூடாது என்றார். சிஸரோ சீடர் பக்கம் சேர்ந்தார்.

என்னைக் கேட்டால், டயோஜினஸுக்கே பாதி தூரம் விட்டுக் கொடுப்பேன். சந்தை விலையை எல்லாருக்கும் சொல்லிவிட்டுத்தான் வியாபாரம் செய்ய வேண்டுமென்றால் கடைத்தெரு நடக்காது. தன் வீட்டின் விலையை விசாரித்துக்கொள்வது கிழவியின் பொறுப்பும்தான். ஆனால் 'சந்தை இப்படி' என்று சொல்லாமல் இருப்பது வேறு. 'நான் இன்னார்' என்று சொல்லாமல் இருப்பது வேறு. ரோட்ஸ் தீவில் தானியம் வாங்கினவர்கள் வியாபாரியை வியாபாரி என்று தெரிந்துதான் வாங்கினார்கள். கிழவி வாக்குக் கொடுத்தது ஓர் ஆளுக்கு. அந்த ஆள், அவள் நினைத்த ஆளே அல்ல.

வாக்கு என்பது யாருக்குக் கொடுக்கப்பட்டதோ அவருக்குத்தான் சொந்தமா, அவர் யாருக்கு வேண்டுமானாலும் திருப்பிவிடலாமா என்பதற்கு நம் நாட்டில் மிகப் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. தசரதன் கைகேயிக்கு இரண்டு வரம் கொடுத்தான். எப்போது வேண்டுமானாலும் கேள் என்றான். கெடுவும் வைக்கவில்லை, விவரமும் எழுதவில்லை. எதிரே நிற்பவள் தன் மனைவி, தனக்கென்று ஏதாவது கேட்பாள் என்பதே அவன் எண்ணம். அவளோ ராஜ்யத்தை 'தான் கோரும் நபர்' பெயருக்கு எழுதிக் கேட்டாள். சட்டப்படி குற்றம் இல்லை. வாக்கை மீற முடியாமல் தசரதன் உயிரையே விட்டான்.

நாம் கைகேயியைப் பற்றியும் தசரதனைப் பற்றியும் பேசிப் பேசி அலுத்துவிட்டோம். இந்தக் கட்டுரையின் விஷயத்துக்கு முக்கியமானவன் பரதன். அவன்தான் கோரப்பட்ட நபர். பத்திரம் தயார், சாட்சிகள் தயார், உட்கார வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அவன் இந்தச் சொத்து எப்படி என் பெயருக்கு வந்தது என்று கேட்டான். கேட்டுத் தெரிந்துகொண்ட பின் வேண்டாம் என்றான். பாதுகையைச் சிம்மாசனத்தில் வைத்து, நந்திக்கிராமத்தில் இருந்துகொண்டு பதினாலு வருஷம் காவல் காத்தான்.

55 லட்சம் கொடுத்து அந்த வீட்டை வாங்குகிறவர் பரதனாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர் விற்ற பணத்தில் வீடு வாங்குகிற சாதாரண மனுஷர். ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகப் பெஞ்சில் கிழவிக்குப் பக்கத்தில் உட்காரும்போது, "அம்மா, உங்களுக்கு எவ்வளவு வருகிறது?" என்று அவர் ஒரு வார்த்தை கேட்கலாம். இந்தத் தொழிலில் நடுவர் மிகவும் பாடுபடுவது அந்தக் கேள்வி எழாமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான். விற்பவரையும் வாங்குபவரையும் கடைசி நாள்வரை சந்திக்க விடமாட்டார். சந்தித்தாலும் தனியே பேச விடமாட்டார். இதிலிருந்தே ஒரு பரீட்சை கிடைக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. விற்பவர், வாங்குபவர், நடுவர் மூவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து, மூன்று தொகையையும் உரக்கச் சொன்ன பிறகும் நிற்கிற லாபம் நியாயமான லாபம். பட்டா மாற்றியதற்கு, பாரிஸுக்கு எழுதியதற்கு, வில்லங்கம் தீர்த்ததற்கு என்று எண்ணிச் சொன்னால், 3 லட்சமோ 5 லட்சமோ, கிழவியே மனமுவந்து கொடுத்திருப்பாள். அவள் முகத்துக்கு நேரே சொல்ல நாக்கு எழாத மிச்சம் எதுவோ, அது உழைப்புக்குக் கூலி அல்ல.

அமெரிக்காவில் சில மாநிலங்கள் இதைச் சட்டமாகவே யோசித்திருக்கின்றன. இல்லினாய் மாநிலம் 2019-ல், இந்தத் தொழிலை வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் செய்கிறவர் தரகருக்குரிய உரிமம் பெற வேண்டும் என்றது. ஓக்லஹோமா 2021-ல் இதற்கென்றே ஒரு சட்டம் செய்தது. 'நீ வாங்குகிறவன் என்று சொல்லிக்கொண்டாலும் செய்வது தரகு. தரகன் என்று பெயர் போட்டுக்கொண்டு செய்' என்பதுதான் இவற்றின் சாரம். நமக்கு இது புது உபதேசமும் அல்ல. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழ வந்த பட்டினப்பாலை, அவர்கள் வாங்கும்போது அதிகம் வாங்கமாட்டார்கள், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்கமாட்டார்கள், விலையை வெளிப்படையாகச் சொல்லி விற்பார்கள் என்றுதான் புகழ்ந்தது. வள்ளுவரும் நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளை வணிகருக்கே ஒதுக்கினார்.

சட்டம் வரட்டும், வராமல் போகட்டும். உடன்படிக்கை எழுதுகிறவர்கள் நாளைக்கே செய்யக்கூடிய ஒன்று உண்டு. "தாங்கள் கோரும் நபர் பெயருக்கோ" என்று எழுதுமிடத்தில், அதன் கீழே ஒரு வரி சேர்க்கட்டும்: 'இந்தச் சொத்தை நான் அதிக விலைக்கு வேறொருவருக்குக் கைமாற்றக் கருதியே இந்த உடன்படிக்கை செய்துகொள்கிறேன், அது விற்பவருக்கு வாசித்துக் காட்டப்பட்டது.' இதற்கு முத்திரைக் கட்டணம் ஒரு பைசாகூட அதிகம் ஆகாது. நேர்மையாகத் தொழில் செய்கிறவருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. கிழவி இன்னும் 5 லட்சம் சேர்த்துக் கேட்பாள், கொடுத்துவிட்டுத் தமக்குள்ளதை எடுத்துக்கொண்டு போகலாம். அந்த வரியைச் சேர்த்தால் ஒருத்தரும் கையெழுத்துப் போடமாட்டார்களே என்று சொல்கிறவர் இருந்தால், இத்தனை நாள் கையெழுத்துப் போட்டவர்கள் எதை அறியாமல் போட்டார்கள் என்பதை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்றுதான் அர்த்தம்.